பந்துக்குச் சம்பளம்

என் கணவர் பந்து விளையாடிச் சம்பளம் வாங்கினார். மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக அது நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிர் கழன்று வரும் பதத்தில் தூக்கி மேலே நிற்பவனிடம் வீசுவார்கள். மேலே நின்று பிடிப்பது இவர் வேலை. நனைந்த தோல் கனமாகவும் வழுக்கலாகவும் இருக்கும். நழுவவிட்டால் மறுபடி தொட்டிக்குள் போய்விடும். கிடங்கு ஆட்கள் வேலை முடிந்து பாலாற்று மணலில் கால்பந்து ஆடியபோது, நழுவவிடாதவன் என்று இவரைக் கோலில் நிறுத்தினார்கள். அவர் கோல் காக்க வந்தது அப்படித்தான்.

நான் மிஷன் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவருக்குத் தம் பெயரை எழுதவும் வேதாகமத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வரும். எனக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வரும். ஊரில் சிலர் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் இருவருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

கிளப் தொடங்கியது ஒரு தோல்வியால். கிடங்கு முதலாளிக்குப் பந்தாட்டத்தில் பைத்தியம். இளவயதில் தோல் வியாபாரமாகக் கல்கத்தாவில் இருந்தபோது பிடித்துக்கொண்ட பைத்தியம் என்று சொல்வார்கள். தம் ஆட்களை ஒருநாள் ரயிலேற்றி, வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஒரு நல்ல அணியோடு மோதவிட்டார். எங்கள் ஆட்கள் அன்று காலையிலும் தொட்டியில் இறங்கி வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள். பாதி ஆட்டத்துக்குமேல் அவர்களால் ஓட முடியவில்லை. ஏழு கோல். வீட்டுக்கு வந்து இவர் ஏழையும் வரிசையாகச் சொன்னார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கை எவ்வளவு எட்டவில்லை என்றெல்லாம். நான் காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

திரும்பி வரும் ரயிலில் முதலாளி யாரையும் திட்டவில்லையாம். கடைசியில் இதை மட்டும் சொன்னாராம்: "காலைல தொட்டியில நின்ன ஆளு சாயங்காலம் ஓடுன்னா எப்படி ஓடுவான்? ஒண்ணு தோல் வேலை பாக்கட்டும், இல்லாட்டி பந்து ஆடட்டும். ரெண்டும் ஆவாது."

ரயிலில் பேசியது ரயிலோடு போய்விடும் என்று இவர் நினைத்தார். ஒரு மாதம் கழித்துக் கிடங்கின் தலைமைக் குமாஸ்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வெள்ளைத்தாள், பேனா, மைக்கூடு. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, "டீச்சரம்மா, கிளப்புக்குச் சட்டதிட்டம் எழுதணும், இங்கிலீஷ்ல," என்றார்.

"நீங்க தினமும் இங்கிலீஷ்லதானே எழுதறீங்க?" என்றேன்.

"சரக்கு இங்கிலீஷ் வரும். இத்தனை கட்டு, இந்தத் தரம், இந்தக் கப்பல். இது சரக்கு இல்லையே."

அப்போதுதான் எனக்கு முழு விவரமும் தெரிந்தது. பதினோரு பேரையும் மாற்றாட்கள் மூவரையும் கிடங்கு வேலையிலிருந்து எடுத்துவிடுவது. அவர்கள் காலையும் மாலையும் பந்துப் பயிற்சி மட்டும் செய்ய வேண்டும். தொட்டிப் பக்கமே போகக் கூடாது. மாதச் சம்பளம் உண்டு, பழைய கூலியைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை மதியமும் ஞாயிறு காலையும் ஆட்டம் கிடையாது. முதலாளிக்கு மசூதி, எங்களில் பாதிப் பேருக்குக் கோயில் ஆராதனை. அதனால் எல்லா ஆட்டமும் சனிக்கிழமை மாலை.

"பெரிய ஊர்ல எல்லாம் ஆட்டக்காரனுக்கு மறைவாக் குடுக்கறாங்களாம். முதலாளி சொல்றாரு, நாம எதுக்கு மறைக்கணும்? வெளிப்படையா எழுதுங்க," என்றார் குமாஸ்தா.

எழுதினேன். எழுதிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தி, "காலு ஒடிஞ்சா?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவில்லை போலிருக்கிறது. தாளை அப்படியே வைத்துவிட்டுப் போய், மறுநாள் மாலை வந்து, "மூணு மாசம் சம்பளம் உண்டு, வைத்தியச் செலவும் உண்டுன்னு போடுங்க," என்றார். அந்த ஒரு விதி என்னால் வந்தது. மற்றவை எல்லாம் முதலாளியுடையவை.

இவருக்கு இது பிடிக்கவில்லை. சம்பளம் கூடியதில் குறையில்லை. ஆனால் முதல் சில வாரம் தெருவில் நடக்கவே கூசினார். வழக்கமாகக் கிடங்குக்குக் கிளம்பும் நேரத்திலேயே, அதே சோற்றுத் தூக்கோடு கிளம்புவார். பக்கத்து வீட்டுக்காரி என்னிடம், "உங்க வூட்டுக்காரர் இப்போ இன்னா வேலை பண்றாரு?" என்று தெரிந்துகொண்டே கேட்பாள். "பந்து ஆடுறார்," என்பேன். "அத்த இல்ல, வேலைக்கு இன்னா பண்றாரு?" என்பாள்.

இன்னொரு சங்கடமும் வந்தது. சுண்ணாம்பு படாததால் அவர் கைகள் ஆறத் தொடங்கின. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கைகள் வெடித்து வெளுத்துத்தான் இருந்தன. இப்போது தோல் மெலிந்து சாதாரணக் கையாகிவிட்டது. பந்து வழுக்குகிறது என்றார். ஒரு பயிற்சியில் இரண்டு முறை நழுவவிட்டாராம். அதன்பிறகு அதிகாலையில் யாருக்கும் சொல்லாமல் கிடங்குக்குப் போய், ஒரு மணி நேரம் தொட்டியோரம் நின்று தோல் பிடித்துவிட்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். வேலை செய்யக் கூடாது என்று நானே எழுதிய விதியை அவர் மீறினார். கூலி வாங்காத வேலை என்பதால் மேஸ்திரி கண்டுகொள்ளவில்லை.

முதல் ஆட்டம் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில்வேக்காரர்களோடு. தோல் காயப்போடும் வெளியைச் சமன்படுத்தி, மூங்கில் தட்டி கட்டி மைதானமாக்கியிருந்தார்கள். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வைக்கும் கொட்டகையின் முன்னால் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. நானும் இன்னும் நாலு பேரும் போனோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். மீதிப் பேர் ஒரு வாரம் போட்டுப் பார்த்துக் கொப்புளம் வந்து கழற்றிவிட்டார்கள். மாதனூரிலிருந்து வந்த, முன்வரிசையில் ஆடுகிறவன் ஒருவன் இருந்தான். ஒல்லியான ஆள், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன்தான் இரண்டு கோலும் போட்டான். எங்கள் பக்கம் ஒன்றும் விழவில்லை. இவர் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்த ஒவ்வொரு முறையும் கொட்டகைப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. நான் சத்தம் போடவில்லை. வியர்த்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு அவருடைய கூச்சம் போய்விட்டது. எப்போது போனது என்று எனக்குத் தெரிந்த நாள் ஒன்று உண்டு. ஜனக் கணக்கெடுப்புக்கு எங்கள் தெருவுக்கு வந்தவர் வேறொரு பள்ளியின் வாத்தியார். பெயர், வயது, மதம் எல்லாம் எழுதிவிட்டுத் தொழில் என்ன என்று கேட்டார்.

"பந்து ஆடறது," என்றார் இவர்.

"அது பொழுதுபோக்குங்க. தொழில் கேக்கறேன்."

"அதான் தொழில். அதுக்குத்தான் சம்பளம்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "தோல் கிடங்குத் தொழிலாளின்னு போட்டுடறேனே, எனக்கும் பேஜார் இல்ல."

"போடாதீங்க. நான் பந்து ஆடறேன். அப்படியே எழுதுங்க," என்றார் இவர். குரல் உயரவில்லை. ஆனால் வாத்தியார் எழுதி முடிக்கும்வரை வாசலில் அசையாமல் நின்றார். அவர் இங்கிலீஷில் எழுதியதை இவரால் படிக்க முடியாது. நானும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வருடத்துக் கோடைக்குப் பிறகு, பட்டணத்தில் நடக்கும் ஒரு கோப்பைப் போட்டிக்கு விண்ணப்பம் அனுப்ப முதலாளி விரும்பினார். குமாஸ்தா மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கிளப் எப்படித் தொடங்கியது, இதுவரை யார் யாரோடு ஆடியது, ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரமும் ஆடவைத்திருப்பது என எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதினேன். சம்பளத்தைப் பற்றிய வரியைக் குமாஸ்தா இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு அதில் பெருமை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பணத்துக்கு ஆடுகிறவர்களுக்கு இந்தப் போட்டியில் இடமில்லை, இது விருப்பத்துக்காக ஆடுகிறவர்களுக்கு மட்டுமே என்று மரியாதையான நான்கு வரி. நான் அதை இவருக்குத் தமிழில் சொன்னேன். "நமக்கு விருப்பம் இல்லன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

முதலாளி ஆட்கள் எல்லாரையும் மைதானத்தில் கூட்டினார். இன்னொரு கடிதம் எழுதலாம், எல்லாரும் கிடங்குத் தொழிலாளிகள், ஓய்வு நேரத்தில் ஆடுகிறார்கள் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். முதலாளி, "நான் போடுன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். ஆடறது நீங்க, நீங்களே சொல்லுங்க," என்று நகர்ந்துகொண்டார். பெரும்பாலோர் எழுதலாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் மூவர். அதில் இவர் ஒருவர்.

இந்த இடத்தில் நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எழுதலாம் என்ற பக்கம். அன்று மாலை அவரிடம் வாதாடினேன்.

"நீங்கதான் தினமும் தொட்டிக்குப் போறீங்களே. உங்க விஷயத்துல அது பொய்யே இல்ல."

"அது நானா போறது. கூலிக்குப் போறது இல்ல."

"கடுதாசியில அவ்ளோ நுணுக்கம் எதுக்கு? ஒரு வரிதானே."

"ஒரு வரிதான். நான் இன்னா திருட்டு வேலையா பண்றேன், மறைக்கறதுக்கு?"

நான் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சத்தியம் பேசச் சொல்லிக்கொடுப்பவள். அவர் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்தவர். ஆனால் அன்று வாதம் இப்படித்தான் நடந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவர் பட்டணம் போய் ஜெயித்து வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது என்பதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் மாதனூர்க்காரன் வந்து வாசலிலேயே நின்றான். "அக்கா, அண்ணன் வேணாம்னுட்டாரு. நீங்களும் எழுத மாட்டேன்னு சொல்லிடாதீங்க. நான் கடலே பாத்ததில்ல," என்றான். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

குமாஸ்தா பெயர்ப் பட்டியலோடு வந்தபோது இவரும் வீட்டில் இருந்தார். "எம்பேரை எடுத்துடுங்க. போறவங்க போகட்டும், எனக்கு வருத்தம் இல்ல," என்றார். குமாஸ்தா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்ற மற்ற இருவரும் அதற்குள் மனம் மாறியிருந்தார்கள். கடைசியில் குமாஸ்தா கோலுக்கு மாற்றாள் ஒருவனின் பெயரைச் சொன்னார். என் கணவரின் பெயர் இல்லாத பட்டியலை என் கையால் எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை அனுமதி கிடைத்தது. அணி பட்டணம் போனது. இவர் அந்த நாட்களில் கிடங்குக்கு முழுநேரமும் போனார். முதல் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டதாகத் தந்தி வந்தது. இரண்டாவதிலும் ஜெயித்ததாக இன்னொரு தந்தி. கிடங்கில் ஆளுக்கொரு துண்டு மிட்டாய் கொடுத்தார்கள். இவர் தம் பங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். மூன்றாவது தந்தி வரவில்லை. ஆட்களே வந்துவிட்டார்கள்.

குமாஸ்தா ஸ்டேஷனிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டாவது ஆட்டத்தில் தோற்ற அணி, இவர்கள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் என்று புகார் கொடுத்துவிட்டது. போட்டி நடத்துகிறவர்கள் பழைய தாள்களைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். எங்கள் முதல் கடிதம். பக்கத்தில் இரண்டாவது கடிதம்.

"எழுத்து ஒண்ணா இருந்துச்சு, டீச்சரம்மா," என்றார். "ரெண்டும் அவ்ளோ அழகா இருந்துச்சு. போட்டி நடத்தறவரு எழுத்தைப் பாத்தாரு. ரெண்டையும் எம்பக்கம் திருப்பி வெச்சாரு."

இரண்டு வெற்றிகளும் செல்லாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான் குமாஸ்தாவுக்குக் காப்பி போடப் போனேன். முதல் கடிதத்தை யாரும் வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன். பொய் எழுதினோமே என்று வருந்தவில்லை. அது தோன்ற இன்னும் சில நாள் ஆயிற்று. பள்ளியை நடத்திய மிஸ்ஸியம்மாவுக்கு எப்படியோ விஷயம் எட்டி, என்னை அழைத்து, "நீ எழுதியதா?" என்று கேட்டபோதுதான் தோன்றியது. ஆமாம் என்றேன். ஒரு மாதம் ஞாயிறு பள்ளி வகுப்பை என்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார். அந்த மாதம் கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

இவர் என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அணி திரும்பிய மறுநாள் மாதனூர்க்காரனை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோலில் மாற்றாள் எப்படி நின்றான், எந்தக் கோலை விட்டான், ஏன் விட்டான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் சலிப்போடு சொன்னான். கடல் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். "ஒரே சத்தம், அக்கா. நாங்க போனப்போ இருட்டிடுச்சு, சரியாத் தெரியல," என்றான்.

முதலாளி கோபப்படவில்லை. பட்டணத்துக்கு இனி விண்ணப்பமே வேண்டாம், வருகிறவர்கள் இங்கே வந்து ஆடட்டும் என்று முடிவெடுத்தார். வந்தார்கள். வேலூரிலிருந்து, ரயில்வேயிலிருந்து, மைசூர்ச் சீமைத் தங்கச் சுரங்கத்திலிருந்து. இவர் பழையபடி கோலில் நின்றார். சோளிங்கர் மலைக்குப் போய்த் திரும்பும் கூட்டம் ஒருமுறை வழியில் வண்டியை நிறுத்தி ஆட்டம் பார்த்துவிட்டுப் போனது. கோட்டை மைதானத்தில் ஏழு கோல் போட்ட அதே அணி ஒரு சனிக்கிழமை வந்தது. அணிக்கு ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. எங்கள் ஆட்கள் கடைசி நிமிடம்வரை ஓடினார்கள். முதலாளி அன்று எல்லாருக்கும் பிரியாணி போட்டார்.

அடுத்த வருடம் தோல் விலை விழுந்தது. கப்பலேறிய சரக்குக்கு வாங்க ஆளில்லை என்றார்கள். முதலில் பட்டைத் தொட்டிகள் பாதி மூடின, பிறகு சுண்ணாம்புத் தொட்டிகள். தோல் வேலை செய்கிறவனுக்கே வேலை இல்லாத இடத்தில் பந்து ஆடுகிறவனுக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது? முதலாளி அவர்களைக் கூப்பிட்டு அதை நேராகவே சொன்னார். அந்த மாதச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்தார். பூட்ஸை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்றார். மாதனூர்க்காரன் மனைவியைக் கூட்டிக்கொண்டு தங்கச் சுரங்கத்துக்குப் போய்விட்டான். அங்கே அவனுக்கு வேலையும் கிடைத்தது, அணியில் இடமும் கிடைத்தது.

இவருக்கும் ஒரு அழைப்பு வந்தது. தூரத்து ஊர் ஒன்றின் பஞ்சாலையில் கோல் காக்க நல்ல ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் சம்பளத்துக்கு ஆடும் அணி இல்லை. ஆலையில் ஒரு வேலை கொடுப்பார்கள், அந்த வேலைக்குத்தான் சம்பளம். அப்போது எனக்குக் குழந்தை வயிற்றில். போகச் சொன்னேன். போனார். அங்கே நிலைத்தால் நானும் பள்ளியை விட்டுவிட்டு வருவது என்று பேச்சு.

ஐந்தாம் நாள் மதியம் திரும்பிவிட்டார். பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவினார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒரு மேஜை குடுத்தாங்க. ரிஜிஸ்தர் ஒண்ணு குடுத்தாங்க. தொறந்து பாத்தா ஒண்ணுமே இல்ல. எனக்கு எழுத வராதேன்னேன். எழுத வேணாம், முன்னால வெச்சிக்கினு உக்காந்தா போதும்னாங்க."

"ஆட்டம்?"

"ஒரு ஆட்டம் ஆடினேன். நல்ல ஆளுங்க, நல்லா ஆடறாங்க."

"அப்புறம் எதுக்கு வந்துட்டீங்க?"

"காலைல பூரா உக்காந்திருக்கணும்," என்றார். "என்னால முடியல."

எனக்கு அவர்மீது கோபம் ஒரு வாரத்துக்குமேல் இருந்தது. சோறு போட்டு வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அவர் அடுத்த திங்கட்கிழமை பழைய கிடங்குக்குப் போய் வேலை கேட்டார். வாரத்தில் மூன்று நாள் கொடுத்தார்கள். என் சம்பளத்தையும் சேர்த்துக் குடும்பம் நடந்தது. கைகள் ஒரு மாதத்தில் மறுபடி வெடித்துவிட்டன. நான் வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவினேன்.

மைதானத்தின் தட்டிகளைப் பிரித்து விறகுக்கு விற்றார்கள். சனிக்கிழமைகளில் இவர்கள் மறுபடி ஆற்று மணலுக்கு ஆடப் போனார்கள். சம்பளம் வாங்கியவர்களில் ஆறு பேர் ஊரில் மிச்சம் இருந்தார்கள். மற்ற இடங்களுக்குக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களை நிறுத்திக்கொண்டார்கள். நான் போய்ப் பார்த்ததில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த மணலில் நிற்க முடியாது.